கால் ஆர்மோனியத்தின் மேல் வைத்த பெட்டி

என் அண்ணன் ஓர் ஏலக் கடையில் வேலை பார்த்தான். பழைய பங்களாக்களில் ஏலம் நடக்கும்போது சாமான்களுக்குச் சாக்பீஸால் நம்பர் போடுவது அவன் பொறுப்பு. அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நம்பர் போட்ட சாமானின் மேல், ஏலம் கூவும் நேரத்தில் என்ன இருந்தாலும் அதுவும் அதோடு சேர்த்தி. மேசை மேல் பூச்சாடி இருந்தால் மேசையோடு போய்விடும். குடையை வைத்துவிட்டுப் பறிகொடுத்தவர்களைப் பற்றி அவன் வீட்டில் வந்து சொல்வான். கண்ணை எங்கே வைத்திருந்தார்களாம் என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். மதுரையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் பாட்டு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குள் இரண்டு பேரோடு சண்டை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், என்ன செய்ய? "இன்னொரு தடவ உங்க மேல ஏதாவது வந்துச்சுன்னா, நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பங்களாவில் ஏலம். "வந்து ஆர்மோனியத்த வாசிச்சுக் காட்டிட்டுப் போத்தா. சத்தம் வந்தாத்தான் ஆளுக கேப்பாக" என்று அண்ணன் கூப்பிட்டான். சுருதி சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க, பள்ளிக்கூடத்துச் சுருதிப்பெட்டியை எடுத்துப்போனேன். யாரிடமும் கேட்கவில்லை. தினமும் காலைப் பிரேயருக்கு வேண்டிய பெட்டி அது. திங்கட்கிழமை கொண்டுபோய் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

பங்களாவில் கிடந்தவை ஒன்றொன்றும் விசித்திரம். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்காரும் சோபா. கவிழ்த்து மடக்கினால் ஏணியாகிவிடும் நாற்காலி. நடுவில் அந்தக் கால் ஆர்மோனியம், காலால் மிதித்து வாசிப்பது, நல்ல தேக்கு. பத்து நிமிஷம் வாசித்தேன். கூட்டம் வாயை மூடிக்கொண்டு கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முடித்து, சுருதிப்பெட்டியை ஆர்மோனியத்தின் மேலேயே வைத்துவிட்டு, ஏணி நாற்காலியில் ஏறிப் பார்க்கப் போனேன். மூன்றாவது படியில் நிற்கும்போது "மூணு தரம்" என்று கேட்டது.

வாங்கியவர் டி. கல்லுப்பட்டிப் பக்கத்து விவசாயி. அவரிடம் போய் மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். நானோ ஏலக்காரரிடம் மல்லுக்கு நின்றேன். "மேல இருந்தது அதோட போயாச்சும்மா" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கத்தி ஓய்ந்து திரும்பிப் பார்த்தால், வாங்கியவரின் டிராக்டர் ஆர்மோனியத்தையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது.

வேலை போனால் அடுத்த வேலைக்கு எங்கே போவேன்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனிடம் ஊர் விவரம் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தர மாட்டேன் என்றால் என்னென்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

என்னைப் பார்த்ததும் அந்த வீட்டுக்காரம்மா, நான் வாயைத் திறப்பதற்குள், "இந்தா, வாசிச்ச டீச்சரே வந்துட்டாக. கேளுங்க" என்று கணவரை முன்னால் தள்ளினார். "ஊமப் பெட்டிய வாங்கியாந்து நடுவீட்டுல வச்சிருக்காரும்மா. காலு கடுக்க மிதிச்சும் ஒரு சத்தம் இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னவோ வித்தை காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். அது முகத்திலேயே தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டைகளுக்கு மேலே இருந்த குமிழ்கள் எல்லாம் உள்ளே தள்ளிக் கிடந்தன. அவற்றை வெளியே இழுத்தால்தான் சத்தம் வரும். வாசித்து முடித்ததும் உள்ளே தள்ளிவிடுவது என் பழக்கம். ஊமையாக்கியவளே நான்தான்.

இரண்டு குமிழை இழுத்துவிட்டு, ஒரு கீர்த்தனையை முழுசாக வாசித்தேன்.

"அப்ப நான் ஏமாறலயா டீச்சர்?" என்றார் அவர்.

"இல்லண்ணே. தப்பு என்னுதுதான்."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வீட்டுக்காரம்மா "நல்ல வேள" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் வந்த விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று முழித்துக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்காரர் தானாகவே சாமி படத்துக்குக் கீழேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். புதுத் துண்டில் சுற்றிய சுருதிப்பெட்டி. வீட்டுக்கு வந்த பொருள் என்று சந்தனம் குங்குமம்கூட வைத்திருந்தார்கள்.

"அடியில ஸ்கூல் பேரு எழுதியிருந்துச்சு. பிள்ளைக சாமான் நமக்கு எதுக்கு? நாளைக்கு மொத பஸ்ஸுல கொண்டாந்து குடுக்கலாம்னு இருந்தேன்."

நான் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று நம்பிக்கொண்டே, என் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து தருவதற்காகத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறார். பஸ்ஸில் நான் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் நினைத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பும்போது அப்படி ஒரு நிம்மதி. திருமங்கலம் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியை பெட்டியைப் பார்த்தார். "இதென்ன டீச்சர், குங்குமமெல்லாம்?"

வழக்கமான நானாக இருந்தால் வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஒன்று விடாமல் நடந்ததைச் சொன்னேன். கேட்காமல் எடுத்துப்போனதிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "இதுல உங்க மேல ஒண்ணும் வரல. அந்தக் குங்குமத்த அழிச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.