பிணத்துக்கு ஒரு அன்பளிப்பு

மேடையில் செத்துக் கிடப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். மூச்சு விடுவது வெளியே தெரியக்கூடாது. மூக்கின் மேல் கொசு உட்கார்ந்தாலும் தேமே என்று கிடக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது மட்டுமா கஷ்டம்? மூன்றாவது வரிசையில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

அப்போது நான் சென்னையில் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். தினமும் திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் போய் வருவேன். எங்கள் பல்கலைக்கழகம் வருடா வருடம் நாடக விழா நடத்தி, நடுவர்களை வைத்துப் பரிசும் தரும். மாணவர்களே புதிதாக எழுதி, மாணவர்களே நடிக்க வேண்டும் என்பதுதான் ஒரே விதி. இரண்டு வருடம் வீட்டுக்குத் தெரியாமல் நடித்துவிட்டேன். ஒத்திகை நாளெல்லாம் வீட்டுக் கணக்கில் கம்ப்யூட்டர் கிளாஸ். மூன்றாவது வருடம், விழாவை வெளியூர்க் கல்லூரிகளுக்குக் கொண்டுபோகலாம் என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்றியது. ஊரா இல்லை உலகத்தில்? நேராகத் திருத்தணியை ஒட்டிய ஒரு கல்லூரிக்கே வந்து இறங்கியது. பேருந்து நிலையச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். போஸ்டரில் என் மூஞ்சி, பெரிய ஒட்டுமீசையோடு.

நைனா உரம் வாங்க டவுனுக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். வீட்டில் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன்டா, கம்ப்யூட்டர் கிளாஸ்ல மீசை ஒட்டறாங்களா?"

மாட்டிக்கொண்டாயிற்று, முழுக்கச் சொல்லிவிடுவோம் என்று, மேற்படிப்புக்கு நாடகம் எடுக்கப்போவதையும் சேர்த்தே சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் இறுகிப்போயிற்று.

"உங்க பெரிய மாமா கம்பெனில சொல்லி வச்சிருக்காரு. பரீட்சை முடிஞ்சதும் போய் சேர்ற வழியப் பாரு. இத இத்தோட விட்டுடு."

எனக்கும் அவருடைய ரத்தம்தானே. முடியாது என்றேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார், நான் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினேன். அம்மா நடுவில் கிடந்து அல்லாடினாள். கடைசியில் பாவா வந்தார். பாவா என்றால் என் அக்காவின் கணவர். பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கிறார். நைனா ஒருவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார் என்றால் அது அவர் பேச்சைத்தான்.

"மாமா, வேணாம்னு சொல்றதா இருந்தாலும் ஒரு வாட்டி பாத்துட்டு சொல்லுங்க. பாக்காமயே சொன்னீங்கன்னா ஆயுசுக்கும் உங்க மேல கோவமாத்தான் இருப்பான்."

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆங், வர்றேன். பாத்துட்டு அன்னைக்கே சொல்லிடுவேன். சொன்னா கேட்டுக்கணும்."

கேட்டுக்கறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒரே ஒரு நாடகத்தில் என் தலையெழுத்தையே கொண்டுபோய் வைத்திருந்தேன்.

எங்கள் நாடகத்தில் ஒரு விவசாயி திடீரென்று செத்துப்போகிறார். அவர் சட்டைப் பையில் செல்போன் விடாமல் அடிக்கிறது. யார் எடுப்பது, எடுத்து என்ன சொல்வது என்று குடும்பமே அடித்துக்கொள்கிறது. பாதி நாடகம் வரை நான் உயிரோடு இருப்பேன், மீதிப் பாதி பிணம். எழுதியவள் என்னோடு படித்தவள். என் மனைவியாக நடித்ததும் அவள்தான்.

திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் நைனா, பக்கத்தில் பாவா. பின்னால் உரக்கடைக்காரர், தாலுகா ஆபீஸ்காரர்கள், எங்கள் ஊர் ஆட்கள் பலர். நைனா கழுத்தைத் திருப்பவே இல்லை. மகன் நடிப்பதைப் பார்க்க வந்ததாக அவர் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார் என்பது அவர் உட்கார்ந்திருந்த தினுசிலேயே தெரிந்தது.

நாடகம் தொடங்கியது. முதல் சிரிப்பு வரும் இடத்தில் அரங்கமே சிரித்தது. நைனா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த இடத்திலும் அப்படியே. பாவா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார், பக்கத்தில் இவர் கல்லுப் பிள்ளையார் மாதிரி. போச்சுடா, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே நான் செத்து விழுந்தேன்.

கண்ணை மூடிக் கிடக்கிறேன். தோழி என் தலைமாட்டில் ஒப்பாரி வைக்கிறாள். திடீரென்று அவள் அழுகை பாதியில் நின்றது. படி ஏறும் சத்தம். மேடைப் பலகை கிறீச்சிட்டது. எங்கள் நாடகத்தில் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரக்கூடாது. வேப்பம்புண்ணாக்கும் விபூதியும் கலந்த வாசனை என் மேல் குனிந்தது. ஐயோ, நைனா! பொறுக்க முடியாமல் ஏறி வந்துவிட்டார், இத்தனை பேர் முன்னால் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகப்போகிறார். ஓடவும் முடியாது. நான் செத்தவன். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

அவர் கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. அடுத்த நொடி நெஞ்சில் சுருக்கென்று ஏதோ குத்தியது.

"ஸ்ஸ்ஸ் ஆ!" என்றது பிணம்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அரைஞாண் கயிற்றில் அவர் எப்போதும் மாட்டி வைத்திருக்கும் ஊக்கால், ரூபாய் நோட்டு ஒன்றை என் சட்டையில் குத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் கூத்து பார்க்கிறவர்களுக்கு இது புரியும். நடிப்பு மனதுக்குப் பிடித்துவிட்டால் எழுந்து போய் நடிகரின் சட்டையில் நோட்டைக் குத்துவார்கள். ஆட்டம் அப்படியே நிற்கும். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன், இன்ன ஊர் இன்னார் அன்பளிப்பு என்று உரக்கச் சொல்வான். பிறகு ஆட்டம் தொடரும். நைனா வாழ்க்கையில் பார்த்த ஒரே மேடை அதுதான்.

குத்தி முடித்து நிமிர்ந்தவர், அறிவிக்க ஆளைத் தேடினார். யாரும் இல்லை. நடுவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

"நல்லா பண்றான். எல்லாரும் பாத்துகினு இருக்கீங்க. இவன் என் பையன்."

சொல்லிவிட்டு வந்த வழியே இறங்கிப் போனார். கண்ணை மூடிக்கொண்டேன். என்ன பிரயோஜனம்? இரண்டு பக்கமும் தண்ணீர் காதுக்குள் ஓடியது. அப்பாடா என்று ஒரு பெரிய மூச்சு வேறு விட்டேன், நெஞ்சு ஏறி இறங்கியதைக் கடைசி வரிசைக்காரனும் பார்த்திருப்பான். நல்லவேளை, தோழி சமாளித்தாள்.

"அடப்பாவி மனுஷா! உசுரோட இருந்தப்ப ஒத்த ரூபா கொண்டாந்து குடுக்கல, செத்தப்புறம் சம்பாதிக்கிறியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கைதட்டல் அடங்கவே இல்லை. சரியாகச் செல்போன் அடித்தது. நாடகம் தொடர்ந்தது. பரிசு வேறு குழுவுக்குப் போயிற்று, போகட்டும்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடிக்க நின்றோம். பயம் போனதும் எனக்குக் கோபம் திரும்பி வந்துவிட்டது.

"ஏன் நைனா, செத்துக் கெடக்கறவன் மேலயா வந்து குத்துவாங்க?"

"நீ ஆடிகினு இருக்கறப்ப வந்தா உனக்குத் தொந்தரவுடா. சும்மா படுத்துகினு இருந்த. அதான் நேரம் பாத்து வந்தேன்."

பாவாவுக்கு டீ புரையேறியது.

"அப்ப மொதல்ல ஏன் சிரிக்கவே இல்ல?"

"சிரிச்சா நீ பேசறது காதுல விழாதே."

அவர் டம்ளரை வைத்துவிட்டு, பெரிய மாமாவுக்குப் போன் போட்டார்.

"ஆங், நான்தாங்க. பையன் கம்பெனிக்கு வரமாட்டான்... சேச்சே, உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நாடகம் படிக்கப் போறான்... ஆங், நாடகம். நாடகம்!"

கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தேன். நைனா போனைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"அடுத்த தபா இந்தப் பொண வேஷமெல்லாம் வேணாம்டா. உங்க அம்மாவக் கூட்டிகினு வரணும்."