ஆடாத கோடு

“உங்க சித்தி ஆபீஸ்ல என்னதான் செய்றாங்க?”

பள்ளி முடித்து வேலை தேடிப் போன இடத்தில், சித்தி பெயரைச் சொன்னதும் மேலாளர் கேட்டார். “கரண்ட் ஆபீஸ்ல இன்ஜினியர்” என்றேன். “அது பதவிப்பா. வேலை என்ன?” அது எனக்கே தெரியாது. அந்த வேலை கிடைக்கவில்லை. இப்போது பதில் தெரியும், எழுதுகிறேன்.

மின்சாரம் கம்பியில் அலையாக வருகிறது. அந்த அலையின் உயரத்தையும் கோணத்தையும் பல ஊர்களில் இருக்கும் கருவிகள் ஓயாமல் அளந்து, சித்தி இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகின்றன. வருகிற அளவில் இரைச்சல் கலந்திருக்கும். அதை வடிகட்டுவது சித்தி. குறைவாக வடிகட்டினால் திரையில் ஒரே கிறுக்கல். அதிகமாக வடிகட்டினால் கோடு அழகாக இருக்கும், உண்மை காணாமல் போய்விடும். நான் கணக்கில் ஃபெயில், ஓவியத்தில் முதல். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் ஒரு குறையும் இல்லாத பிள்ளை. அம்மா உறவுக்காரர்களிடம் சராசரியைத்தான் சொல்வாள்.

அந்தக் கட்டுப்பாட்டு அறைக்குள் வருவதற்காகச் சித்தி பல வருடம் அதே ஆபீஸ் ஸ்டோரில் மின்கம்பத்துப் பீங்கான் எண்ணிக்கொண்டே பரீட்சை மேல் பரீட்சை எழுதியவள். அவளுக்கு அந்த நாற்காலிதான் உயிர்.

மேலிடத்துக் குழு ஒன்று பார்வையிட வருவதாக இருந்தது. தலைமைப் பொறியாளர் சுவர் அளவுக்கு ஒரு திரை மாட்டினார். மாட்டியதும் முகம் சுளித்தார்.

“ஏம்மா, கோடு ஏன் இப்படி ஆடுது?”

“லைன்ல ஊசலாட்டம் இருக்கு சார். அதான் கோடும் ஆடுது.”

“வர்றவங்க கண்ணுக்கு அது ஆடக் கூடாது.”

“அப்ப லைனைத்தான் சரி பண்ணணும் சார்.”

“அதுக்கு டெண்டர் விடணும். வடிகட்ட நீங்க இருக்கீங்களே. முடியாதுன்னா சொல்லுங்க, ஸ்டோர்ல நாற்காலி காலியாத்தான் இருக்கு.”

சித்தி பெரிய திரைக்கு மட்டும் நீண்ட நேரச் சராசரி வைத்தாள். ஊசலின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிட, கோடு இஸ்திரி போட்டதுபோல் படுத்துக்கொண்டது. தன் மேசையிலிருந்த சின்னத் திரையை மட்டும் அவள் தொடவில்லை.

குழு வந்தது. தலைமைப் பொறியாளர் குச்சியால் கோட்டைத் தடவிக் காட்டினார். “ரொம்ப அமைதியா இருக்கே” என்றார் குழுத் தலைவர். சின்னத் திரையிலோ ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டிருந்தது. விட்டால் லைன் தானாகத் துண்டிக்கப்பட்டுப் பாதி ஊர் இருட்டாகும். சித்தி எழுந்தாள். தலைமைப் பொறியாளர் உதட்டில் விரல் வைத்தார். அவள் மின் உற்பத்தி நிலையத்துக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, உடனே உற்பத்தியைக் குறைங்க. காரணம் அப்புறம் சொல்றேன்.”

ஆட்டம் அடங்கியது. குறைத்ததை ஈடுகட்டச் சில தெருக்களுக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அதில் ஒன்று, குழுவுக்கு விருந்து தயாராகிக்கொண்டிருந்த ஓட்டலின் தெரு. பாதி ஊர் தப்பித்ததை யாரும் கவனிக்கவில்லை. விருந்து ஆறிப்போனதை எல்லாரும் கவனித்தார்கள்.

விசாரணை வைத்தார்கள்.

“பெரிய திரைப் பதிவுல கோடு நேராத்தானே இருக்கு? எதுக்கு நிறுத்துனீங்க?”

“நேரா தெரியற மாதிரி வெச்சதே நான்தான் சார்.”

“அப்ப பொய்யா காட்டினதும் நீங்கதான். எழுதிக்கோப்பா, ரெண்டாவது குற்றம்.”

“சின்னத் திரைப் பதிவைப் பாருங்க சார்.”

“பார்த்தோம். ஆடுது. கெட்டுப்போன திரை.”

சித்தி ஸ்டோருக்குப் போனாள். வீட்டில் சித்தப்பா, “ஊரை இருட்டுல விட்டிருந்தா பதவி உயர்வு கிடைச்சிருக்கும் அம்மணி” என்றார். “ஆமா, உங்களுக்கு மெழுகுவத்தி வாங்கவே அந்தச் சம்பளம் சரியா இருந்திருக்கும்” என்றாள். சிரித்தாள். ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை.

மேல்முறையீடு செய்திருக்கிறாள். ஊர் ஊராக உள்ள கருவிகளில் வடிகட்டாத பதிவு இன்னும் இருக்கிறது. கொஞ்ச நாளில் அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும். அதற்குள் மேல்முறையீட்டுக் குழுவில் ஒருவர் கேட்டு வாங்கிப் பார்த்தால் போதும். அந்த ஒருவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கரண்ட் ஆபீஸில் இருந்தால் இந்தக் கதையை அவரிடம் கொடுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அடுத்த மேசைக்குத் தள்ளச் சொல்லுங்கள்.