கேமராவுக்குள் கசிந்த வெளிச்சம்

ஈர ஃபிலிமை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி அண்ணி நின்ற கோலம்தான் ஏற்காட்டு நாட்களில் முதலில் நினைவுக்கு வருகிறது. சொட்டும் நீர் முழங்கை வழியே ஓடும், கவனிக்க மாட்டார். "மறுபடியும் அதே கறுப்பு" என்பார், எரிச்சலோடு.

எண்பதுகளின் தொடக்கம் அது. அண்ணன் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நான் அவர்களோடு இருந்தேன். அண்ணி அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைப் படம் எடுப்பார். குளியலறையை இருட்டாக்கி ஃபிலிமைத் தாமே கழுவுவார். அந்த வருட மழை விட்டதிலிருந்து ஒவ்வொரு ஃபிலிமின் ஓரத்திலும் புகை போலக் கறுப்பு படிந்து, படத்துக்குள்ளும் பரவியிருந்தது. வெளிச்சம் பட்ட இடமெல்லாம் ஃபிலிம் கறுத்துவிடும்; எங்கிருந்தோ வெளிச்சம் கசிகிறது. எங்கிருந்து என்பதுதான் தெரியவில்லை. ஜன்னலில் கம்பளியை அடித்தார். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் குளியலறைக் கூரையை அண்ணாந்து பார்ப்பார்.

மாரமங்கலத்து அக்காவைப் படம் எடுத்தது அந்தச் சமயத்தில்தான். அந்த மலைக்கிராமத்திலிருந்து எங்களுக்கு ஆரஞ்சும் மிளகும் கொண்டுவருபவர். வயிற்றில் கட்டி, சேலத்தில் ஆபரேஷன் என்று முடிவானதும், போவதற்கு முன் தன் இரண்டு பெண்களோடும் ஒரு படம் வேண்டும் என்று கேட்டார். எடுத்தாயிற்று. அந்த ரோலைக் கழுவத்தான் அண்ணிக்கு மனம் துணியவில்லை.

அக்கா புறப்படும் நாள் காலையில் அண்ணிக்கு ஒரு யோசனை வந்தது. புது ரோல் ஒன்றைக் கேமராவில் போடாமலே, அதே இருட்டில், அதே மருந்தில் கழுவினார். கறையே இல்லாமல் கண்ணாடி மாதிரி வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஊட்டுல தப்பில்ல கண்ணு, கேமராவுலதான். அப்படீன்னா அக்கா படம் எடுக்கறப்பவே கெட்டுப்போயிருக்கும்."

காலியாக இருந்த கேமராவின் பின்மூடியைத் திறந்தார். விளிம்பில் வெளிச்சத்தை மறைக்கும் கறுப்புத் துணி ஈரத்தில் மட்கி உதிர்ந்திருந்தது. வேறு ரோலைப் போட்டு, மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப்பை ஒட்டினார். மாரமங்கலம் பஸ்ஸுக்கு ஓடினோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் விரல் டேப்பை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தது.

அக்கா வீட்டு முன்னால் ஜீப் நின்றிருந்தது. அவர் கணவர் பையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, அன்னிக்கே எடுத்தீங்களே, இன்னொண்ணு எதுக்குங்க?" என்றார் அக்கா.

ஆபரேஷனுக்குக் கிளம்பி நிற்பவரிடம் உங்கள் படம் கெட்டுவிட்டது என்று எப்படிச் சொல்வது? அண்ணி கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார்.

"அதுல நீங்க சிரிக்கவே இல்லீங்க அக்கா."

அக்காவுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. பெண்களை இரு பக்கமும் இழுத்து அணைத்துக்கொண்டார். அண்ணி படத்தை எடுத்ததும் ஜீப் கிளம்பிவிட்டது.

இப்போது எடுத்த கணமே படம் தெரிந்துவிடுகிறது. அன்று, வீடு திரும்பியதும் அண்ணி பட்ட தவிப்பை யாருக்கு விளக்குவது? குளிரில் மருந்து வேலை செய்யாதோ என்று பாட்டிலை வெந்நீரில் வைத்தார். சூடு கூடிவிட்டதோ என்று எடுத்து ஆறவைத்தார். இரண்டு ரோலையும் கழுவினார். முதல் படத்தில் அக்காவின் முகம் முழுவதும் கறுப்பு மூடியிருந்தது. இரண்டாவதில் ஒரு கறையும் இல்லை. அண்ணி அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாசியில் அக்கா வந்தார். ரொம்ப மெலிந்திருந்தார், நடை மட்டும் பழைய நடை. அண்ணி கொடுத்த படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கு நொம்பப் பயந்துக்கிட்டு இருந்தேனுங்க அம்மணி. பாருங்க, ஒண்ணுமே தெரியல."

"நானும் பயந்துக்கிட்டுத்தானுங்க அக்கா இருந்தேன்" என்றார் அண்ணி.

எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.