அப்பா நினைத்த பட்டாளம்

1979ஆம் ஆண்டு வைகாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு நானும் அப்பாவும் அம்பகரத்தூர் ரயில் நிலையத்தில் நின்றோம். காரைக்காலுக்கும் பேரளத்துக்கும் இடையே ஓடும் சின்ன ரயில் அது. மொத்தத் தூரமே இருபத்து மூன்று கிலோமீட்டர். நடந்து போனால் முந்திவிடலாம் என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள். பேசிவிட்டு அதிலேயே ஏறுவார்கள். பேரளத்துக்கு இரண்டு டிக்கெட், எண்பது காசு.

என் பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. புதுச்சேரியில் மூன்றரை வருடம் நர்சிங் படித்து முடித்திருந்தேன். காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை தயாராக இருந்தது. பத்து நாளில் சேர வேண்டும் என்றது ஒரு காகிதம். ராணுவ நர்ஸ் வேலைக்கு மறுநாள் காலை பத்து மணிக்குச் சென்னையில் நேர்முகத் தேர்வு என்றது மற்றொன்று. விடுதியில் தோழிகள் நான்கு பேர் விண்ணப்பம் போட்டார்கள், நானும் போட்டேன். நாலு பேருக்கு நடுவே நான் மட்டும் பயந்தாங்கொள்ளியா என்ற வீம்புதான். அழைப்பு வந்ததும் பயந்துவிட்டேன். அப்பா எப்படியும் மறுத்துவிடுவார் என்று நம்பியிருந்தேன். அவரோ, அம்மா அழுதுகொண்டிருக்கும்போதே, "போவட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நிலத்தைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதருக்கு எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல் என்று ஒரு வாரமாக எனக்குப் புரியவில்லை.

ரயிலில் எதிர்ப் பலகையில் மண்டபத்தூர் அம்மாள் ஒருத்தி, காலுக்கடியில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மாயவரம் சந்தைக்குப் போகிறாளாம். எங்கே பயணம் என்று கேட்டாள். மகளுக்குப் பட்டாளத்தில் நர்ஸ் வேலை என்று அப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள போனதும் போன்ழூர் முசியேன்னு சொல்லணும்மா. பொம்பளையா இருந்தா போன்ழூர் மதாம். தருமபுரத்து சொல்தாகிட்ட கேட்டுக்கிட்டு வந்தேன்."

பிரெஞ்சில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்! எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுப் படையில் இருந்தவரைச் சொல்தா என்பார்கள். காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் பல வருடமாகியும் அவர்களுக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. காரைக்காலில் பட்டாளம் என்றால் பாதிப் பேருக்கு அந்தப் பட்டாளம்தான். அப்பா மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய காகிதத்தையும் எடுத்துக் காட்டினார். மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் வாங்கிய, பிரெஞ்சில் எழுதிய அவருடைய பிறப்புச் சான்றிதழ்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அவர் எந்தப் பட்டாளத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

"அப்பா, இது பிரெஞ்சுப் பட்டாளம் இல்லப்பா. நம்ம பட்டாளம். இந்தியாவோடது."

அப்பா என்னையே பார்த்தார். காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

6.40க்குப் பேரளம். மாயவரம் வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. முப்பது காசு டீயை அப்பா பாதியிலேயே வைத்துவிட்டு நடைமேடையின் கோடி வரை போய் நின்றார். நாங்கள் வந்த வண்டி காரைக்காலுக்குத் திரும்பத் தயாராக நின்றது. இப்போது வந்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனதுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. பழி அவர் தலையில், எனக்குக் காரைக்காலில் வேலை.

கருவாட்டுக்கார அம்மாள் என்னை விடவில்லை. "அவரு சொல்றது இருக்கட்டும். நீ போவணும்னு நெனக்கிறியா?" என்றாள். தெரியவில்லை என்றேன். தெரியாதவள் எதற்கு எழுதிப் போட்டாய் என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

காரைக்கால் வண்டி புறப்பட்டுப் போயிற்று. அப்பா அதில் ஏறச் சொல்லவில்லை. எட்டேகாலுக்கு மாயவரத்தில் இறங்கியதும் நேரே டிக்கெட் ஜன்னலுக்குப் போனார். முப்பத்திரண்டு ரூபாய் கொடுத்து, சென்னைக்கு இரண்டு டிக்கெட்டோடு வந்தார்.

கொள்ளிடம் பாலத்தில் ரயில் தடதடத்துப் போனபோதுதான் கேட்டேன், கோபமா என்று.

"கோவம் என்னம்மா. பிரான்சுன்னா கடலத் தாண்டிப் போவணும். ஒனக்கு ஒடம்புக்கு ஒண்ணுன்னா என்னால வர முடியாது. ஒரு வாரமா அதையேதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். இதுன்னா டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்துருவேன்."

"பின்ன ஏம்ப்பா சரின்னீங்க?"

"நீ ஆசப்பட்டு எழுதிப் போட்டதாச்சே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனி வருடக்கணக்கில் என் முகத்தைப் பார்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டே இந்த மனிதர் சம்மதித்திருக்கிறார். எனக்கே இருக்கிறதா என்று தெரியாத ஓர் ஆசைக்காக. எனக்கு வாய்த்தது போல ஓர் அப்பா எத்தனை பேருக்கு வாய்ப்பார்! சிதம்பரம், கடலூர், விழுப்புரம் என்று ஊர்கள் வந்து போயின. எனக்கு ஒன்று என்றால் அப்பா வந்துவிடுவார். வீட்டு ஆள் வந்து சேர முடியாத இடத்தில் அடிபட்டுக் கிடக்கும் பட்டாளத்துக்காரன் பக்கத்தில் யார் இருப்பார்கள்? செங்கல்பட்டு தாண்டும் வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மாலை நான்கரைக்கு எழும்பூரில் இறங்கியபோது பயம் அப்படியேதான் இருந்தது, குழப்பம் மட்டும் இல்லை.

மறுநாள் காலை பத்தே காலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சீருடை அணிந்த ஓர் அம்மாள், ஏன் விண்ணப்பித்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். விளையாட்டாகத்தான் போட்டேன், நேற்று ரயிலில்தான் முடிவு செய்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஏதோ குறித்துக்கொண்டார். எங்கே அனுப்பினாலும் போவாயா என்று கேட்டார். போவேன் என்றேன். உத்தரவு வீட்டுக்கு வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே வேப்பமர நிழலில், சென்னையில் யாரையும் தெரியாத அப்பா, போகிற வருகிற ராணுவ வீரர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றார். காரைக்காலில் இருந்திருந்தால் இந்நேரம் நாலு பேரைப் பிடித்து வைத்துப் பேசிக்கொண்டிருப்பார். நான் கிட்டே போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அப்பா, நான் ஆசப்பட்டுத்தாம்ப்பா போறேன்."

"அதான் எனக்குத் தெரியுமே," என்றார் அப்பா.