நாற்சந்தியில் எடுத்த படம்

நெங்கா சுவேச்சாவிடம் சுற்றுலாவுக்கு ஏற்பாடு கேட்பவர்களிடம் அவன் முதலில் விசாரிப்பது, என்ன நிறத்தில் உடுத்தப் போகிறார்கள் என்பதைத்தான். ஓட்டல், சாப்பாடு எல்லாம் பிறகு. பச்சை உடுத்துகிறவர்களை அடுக்கு வயல்களுக்கு அழைத்துப் போக மாட்டான். படத்தில் ஆளைத் தேட வேண்டியிருக்கும் என்பான். சிவப்பென்றால் அருவி. வெள்ளையென்றால் கடலோரக் கோயில், அதுவும் வெயில் சாய்ந்த பிறகு. இரண்டே நாளில் பாலியைப் பார்த்துவிட வேண்டுமென்று வந்து இறங்குகிறவர்களுக்கு, எங்கே காலை வெளிச்சம் நல்லது, எங்கே பேருந்துக் கூட்டத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும், எந்த இடத்தில் கழிப்பறை சுத்தம் என்று பார்த்துப் பார்த்துக் கோத்துத் தருவதில் உபுத் வட்டாரத்தில் அவனுக்கு இணையில்லை.

கார் அவனுடையது. படம் எடுப்பவனும் அவனே. நல்ல கோணத்துக்காக எங்கு வேண்டுமானாலும் படுத்துவிடுவான், சேற்றில், பாறையில், கோயில் படிக்கட்டில். மற்ற ஓட்டுநர்களின் சட்டை கழுத்துப் பட்டையில் அழுக்காகும் என்றும், தன் புருஷன் சட்டை மட்டும் நாய் புரண்டதைப் போல் வருகிறது என்றும் அவன் மனைவி சாரினி குழாயடியில் அங்கலாய்ப்பாள்.

எங்கள் தெருக்கூட்டில், அதாவது தெருக் குடும்பங்கள் சேர்ந்த சங்கத்தில், முக்கால்வாசிப் பேருக்குச் சோறு போடுவது வெளிநாட்டுக்காரர்கள்தான். நான் டென்பசாரில் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறேன். மற்றவர்கள் கார் ஓட்டுகிறார்கள், சமைக்கிறார்கள், படுக்கை விரிக்கிறார்கள். ஆனால் பொதுக்கூடத்து மர முரசு அடித்துவிட்டால் எல்லோரும் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். சாவென்றால் கட்டாயம். பாடை பெரியது; ஒவ்வொரு மூங்கிலுக்கும் தோள் தேவை. இன்று நாம் தூக்கினால்தான் நாளை நம் வீட்டுக்குத் தூக்க ஆள் வரும்.

சுவேச்சாவுக்கு அப்படி ஆள் சீக்கிரமே தேவைப்பட இருந்தது. அவன் அப்பா இறந்து, வசதி வரும்வரை மயானத்தில் புதைக்கப்பட்டிருந்தார். எலும்பை எடுத்து முறைப்படி எரிக்க அடுத்த மாதம் நாள் குறித்தாகிவிட்டது. அந்தச் செலவுக்காகத்தான் வருகிற விருந்தாளி ஒருவரையும் விடாமல் காரில் ஏற்றிக்கொண்டிருந்தான். அதனாலேயே தெருக்கூட்டு வேலைகளுக்குப் பலமுறை விடுப்புக் கேட்டுவிட்டான். இன்னொரு முறை கேட்கும் முகம் அவனிடம் இல்லை.

அந்த நேரத்தில்தான் கொரியாவிலிருந்து சோரா என்ற பெண் எழுதினாள். புதிதாகக் கல்யாணமானவர்கள், இரண்டு நாள் பயணம், இருவரும் மஞ்சள் உடுத்துவார்கள். மஞ்சளுக்கு அருவியும் வயலும் போட்டுக் கொடுத்தான். நிஜமான சடங்கு ஒன்றையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தாள். சடங்கை யாரும் முன்கூட்டி ஏற்பாடு செய்ய முடியாது என்று பதில் எழுதினான். எழுதும்போதே அவனுக்குத் தெரியும், அவர்களுடைய இரண்டாம் நாளில்தான் எங்கள் தெருவில் தபால்காரர் கெலாதாவின் எரியூட்டு.

அன்று காலை தெருக்கூட்டுத் தலைவர் லானுஸுக்குப் போன் செய்து, காய்ச்சல் என்றான். நடுவில் இருமவும் செய்தான். லானுஸ் நம்பினார். கஞ்சி குடித்துவிட்டுப் படு என்று சொல்லி வைத்துவிட்டு, இடது மூங்கிலில் அவன் இடத்துக்கு ஆள் தேடினார். கிடைக்கவில்லை. என் பக்கத்து இடம் காலியாகவே நின்றது.

அவன் கணக்கு தப்பானது என்று சொல்ல முடியாது. உச்சிப் பொழுதுக்குள் பாடை மயானம் போய்விடும். அதற்குப் பிறகு அருவியிலிருந்து வயலுக்குத் திரும்பும்போது எங்கள் ஊர்ச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். ஆனால் அன்று முகூர்த்தம் நல்ல முகூர்த்தம். நல்ல நாளென்றால் எல்லா ஊரிலும் எரியூட்டு இருக்கும். எங்கள் பூசாரிக்கே அன்று வேறு சாவு வீடுகளும் இருந்தன. அவர் வந்து சேர்ந்து பாடை கிளம்பத் தாமதமாகிவிட்டது. எந்தச் சாலையில் திரும்பினாலும் ஊர்க்காவல்காரர்கள் கயிறு கட்டி நிறுத்தி, கார்களை வேறு பக்கம் அனுப்பினார்கள். அப்படி அனுப்பி அனுப்பி, சுவேச்சாவின் காரை எங்கள் நாற்சந்திக்கே கொண்டுவந்து விட்டார்கள்.

அங்கே நடந்ததை ஓரத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்தவள் எனக்குச் சொன்னாள். தூரத்தில் மேளம் கேட்டதும் சோரா காரைவிட்டுக் குதித்துவிட்டாளாம். சுவேச்சா வெயில் சரியில்லை என்றிருக்கிறான், புழுதி என்றிருக்கிறான். அவள் இரண்டு கையையும் கூப்பியிருக்கிறாள். அவள் கணவன் இந்த ஊர் உடையில் நிற்க ஆசைப்பட்டிருக்கிறான். காரின் முன் பெட்டியில் சுவேச்சாவின் தலைத்துணி எப்போதும் இருக்கும். கறுப்புத் துணி, சாரினி தைத்த பொன்னிறக் கரை. அதை எடுத்து அவனே அந்தப் பையன் தலையில் கட்டியிருக்கிறான். திருப்பத்தில் பாடையின் உச்சி தெரிந்ததும், எங்கள் கண்ணில் படுவதற்குள் சட்டென்று எடுத்து முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பான். பாடை உயரமானது, கீழிருந்து எடுத்தால்தான் முழுதாக விழும். பழக்க தோஷம், சாலையில் படுத்துவிட்டான்.

நாங்கள் ஓட்டமும் கூச்சலுமாகத் திரும்பினோம். சூடு தணிய யாரோ குழாயால் எங்கள்மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த திர்த்தாதான் முதலில் பார்த்தான், எங்களுக்கு முதுகு காட்டி நின்ற ஒருவனையும் அந்தப் பொன்னிறக் கரையையும்.

"பார்றா, காய்ச்சலோட வந்துட்டான்யா நம்ம சுவேச்சா," என்றான் சந்தோஷமாக. "டேய், சீக்கிரம் வந்து தோள் குடு. இங்க எனக்குக் கழுத்து போகுது."

அந்த ஆள் திரும்பினான். கொரிய முகம். அதற்குப் பிறகுதான் அவன் காலடியில் போனைப் பிடித்துக்கொண்டு கிடந்தவனைப் பார்த்தோம்.

நாற்சந்தியில் பாடையைச் சுற்றுவதற்கு முன் ஒரு கணம் நிற்பது வழக்கம். நின்றோம். மேளமும் நின்றது. அந்த அமைதியில் சோரா குனிந்து ஆங்கிலத்தில் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"இவங்கல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

சுவேச்சா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியாது. பக்கத்து ஊர்க்காரங்க."

ஆங்கிலத்தில் பிழைப்பு நடத்துகிற ஆட்களின் முன்னால் அதைச் சொன்னான். சுவேச்சாவைப் பிறந்ததிலிருந்து 'வாடா, போடா' என்றே கூப்பிட்ட லானுஸ், கூட்டத்தின் முன்னால் வந்து, அந்நியரிடம் பேசுவதைப் போல இடுப்பை வளைத்துக் கையைக் காட்டினார்.

"கொஞ்சம் ஓரமா நகர்ந்துக்குங்க, ஐயா. பாடை போகணும்."

அவன் எழுந்தான். முதுகெல்லாம் சாலைப் புழுதி. நாங்கள் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மயானத்துக்கு ஓடினோம்.

படம் நன்றாக வந்திருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சோரா தன் இணையப் பக்கத்தில் போட்டு, அற்புதமான வழிகாட்டி என்று அவன் பெயரையும் சேர்த்திருந்தாள். தம்பதிக்குப் பின்னால் எங்கள் முகங்கள் ஒவ்வொன்றும் துல்லியம். என் பக்கத்தில் ஒரு தோள் அளவு மூங்கில் வெறுமையாக இருந்ததும் துல்லியம். சாரினி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என் தையல் நல்லாத்தான் தெரியுது," என்று மட்டும் சொன்னாளாம். அதன்பிறகு அவனோடு பேசவில்லை. படத்தை எடுத்துவிடச் சொல்லி அவன் சோராவுக்கு எழுத ஆரம்பித்தான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் அழித்தான்.

தெருவில் யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லோரும் "வாங்க", "போங்க" என்றார்கள். திர்த்தா அவனுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றான். சுவேச்சா தெருமுனைக் காப்பிக்கடைக்குப் போவதை விட்டான். லானுஸ் வீட்டு வாசல்வரை போய், நாய் குரைத்ததைச் சாக்காக வைத்துத் திரும்பி வந்தான். கடைசியில் ஒருநாள் உள்ளே போய், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு அப்பாவின் எரியூட்டு நாளைச் சொன்னான். லானுஸ் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வருவோம் என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை.

அந்த நாளில் முரசு அடித்தது. சுவேச்சா வாசலில் நின்றான். தெருவைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் தன் செருப்பையே பார்த்தான். ஆட்கள் வந்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. தென்னோலை பின்னினார்கள், பன்றி அறுத்தார்கள், பாடையைக் கட்டி, மயானத்திலிருந்து எடுத்து வந்திருந்த எலும்பை அதில் ஏற்றினார்கள். ஆனால் ஒரு கேலி இல்லை, ஒரு கூச்சல் இல்லை. எங்கள் ஊரில் பிணத்தை அப்படித் தூக்குவதில்லை. யாரோ முன்பின் தெரியாதவரின் சாமானை இடம் மாற்றுவதைப் போல அவன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்தோம். அவன் பக்கத்தில் நடந்து வந்தான். ஒவ்வோர் அடியும் அவனுக்குப் புரிந்தது.

நாற்சந்தியில் நின்றோம். லானுஸ் அவனிடம் வந்தார்.

"ஐயா, நாங்க பக்கத்து ஊர்க்காரங்க. இங்க மயானத்துக்கு எந்தப் பக்கம் போகணும்?"

பாதிப் பாலிக்கு வழி சொல்கிற வாய் திறந்தது, மூடியது. வெயில் நேர் மேலே. மூங்கில் எங்கள் தோளை அறுத்துக்கொண்டிருந்தது.

"லானுஸ் அண்ணே," என்றான். அப்புறம் மூங்கிலின் முனையிலிருந்து ஆரம்பித்தான். "திர்த்தா. பன்றிக்கடை சுக்ரா. சுக்ரா தம்பி. மாமா ரெந்தன்." என் பெயரையும் சொன்னான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தே பெயர் சொல்லிக்கொண்டு போனான். ஒரு பெயரும் தவறவில்லை.

"டேய், போதும்டா," என்றான் திர்த்தா. "உங்கப்பா என்ன லேசா இருக்காரா? மிச்சப் பேரை எரிச்சுட்டு வந்து சொல்லு."

யாரோ சிரித்தார்கள். எங்கிருந்தோ ஒரு வாளித் தண்ணீர் வந்து முதலில் சுவேச்சாவின் தலையில்தான் விழுந்தது. லானுஸ் மயானம் இருக்கும் கடல் பக்கம் கையைக் காட்டினார், அவனுக்குத் தெரியாததைப் போல.

அவன் என் பக்கத்தில் மூங்கிலுக்குள் நுழைந்தான். அது இறந்தவரின் மகன் நிற்கும் இடமல்ல, யாரும் தடுக்கவில்லை. பாடை சுழன்றது, நாங்கள் கத்தினோம். அவன் மட்டும் கத்தவில்லை. தோள் என் தோளில் இடிக்க, மயானம்வரை தலையைத் தூக்காமலே ஓடி வந்தான்.