கெடா சிலுப்பல

பேய் பிசாசுன்னு எவனாச்சும் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போற ஆளுண்ணே நான். அய்யலூர் சந்தையில ஆட்டு யாவாரம். கோயில்ல கெடா வெட்டுறதுக்கு முன்னாடி அதுமேல மஞ்சத்தண்ணி ஊத்துவோம்ல, அது ஒடம்ப சிலுப்புனாத்தான் சாமி உத்தரவு குடுத்துருச்சுன்னு கணக்கு. சிலுப்பலைன்னா கூட்டமே கன்னத்துல போட்டுக்கிட்டு அழுகும். அப்பத்தான் என்னையக் கூப்புடுவாக. நான் போயி காதுக்குள்ள நாலு சொட்டு விடுவேன், சடசடன்னு சிலுப்பிரும், பொம்பளைக கொலவை போடுவாக. ஈரம் பட்டா ஆடு சிலுப்பும், அம்புட்டுத்தேன், இதுல சாமி எங்க வந்துச்சுன்னு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்துருவேன்.

வடமதுரைப் பக்கம் ஒரு பழைய பங்களா இருக்குண்ணே. எங்க அப்பா காலத்துல அங்க ஒரு பேய்ப்படம் எடுத்தாக, கருப்பு வெள்ளை. பேய் புடிச்ச பொண்ணு கட்டில்ல கெடக்கும், பூசாரி கெடாவ நிப்பாட்டி, இந்தப் புள்ள பொழைப்பாளா தாயேன்னு கேட்டுத் தண்ணி ஊத்துவாரு. கெடா சிலுப்பாது, பொண்ணு செத்துப்போகும். எங்க ஊர்ப்பக்கம் அந்த எடத்துல அழுகாத ஆளில்ல. அதையே இப்ப ரீமேக் பண்ண வந்தாக, அதே பங்களாவுல. ஆனா டைரக்டரு முடிவ மாத்திட்டாரு, இந்தக் காலத்துல பொண்ணு சாகக்கூடாதாம், கெடா சிலுப்பணுமாம். அதுக்குத்தான் என்னையத் தேடிப் புடிச்சாக. நானும் மீசைய முறுக்கிக்கிட்டு, நல்ல கருப்புக் கெடாவா ரெண்டு ஏத்திக்கிட்டுப் போனேன்.

சூட்டிங் பாக்கணும்னு எம்பொண்ணு பவித்ராவும் வந்தா. கதாநாயகி வந்து சேரல. போர்வைக்குள்ள ஒரு ஆளு படுத்தாப் போதும், முடி மட்டும் தெரியணும்னாக. எம்மகளுக்கு இடுப்புக்குக் கீழ தொங்குற முடி. ஒரே சிரிப்பும் கும்மாளமுமாப் போயி படுத்தா, எனக்கும் பெருமதேன்.

பூசாரியா நடிக்கிறவரு, இந்தப் புள்ள பொழைப்பாளான்னு கேட்டாரு, தண்ணி ஊத்துனாரு. கெடா சிலுப்பல. திரும்ப ஊத்துனாரு, சிலுப்பல. நான் போயி காதுல விட்டேன், அட, மூக்குலகூட விட்டுப் பாத்தேண்ணே. நம்புனா நம்புங்க, தண்ணி தாடையில சொட்டச் சொட்ட அது கட்டிலையே பாத்துக்கிட்டு நிக்குது. அடுத்த கெடாவ மாத்துனோம், அதுவும் அப்பிடியே. வெயில் கொளுத்துது, குளுரு இல்லைல்ல அதான்னு ஒருத்தன் சொன்னான். எத்தன வருசமா ஆட்டோட கெடக்குறேன், நனைஞ்ச ஆடு வெயில்ல சிலுப்பாம நின்னு நான் பாத்ததே இல்ல.

டீ வந்துச்சு, பவித்ரா எந்திரிச்சுப் போயிட்டா. லைட்டுப் பாக்குறதுக்காக போர்வைக்குள்ள ரெண்டு தலகாணிய வச்சாக. நான் கடுப்புல சொம்புல மிச்சமிருந்த தண்ணியக் கெடா மேல ஊத்துனேன். சிலுப்புச்சு பாருங்க, கேமராக்காரரு மூஞ்சியெல்லாம் தண்ணி! எல்லாரும் கை தட்டுறாக. சரி, இதேபோல இன்னொருக்கான்னு பவித்ராவப் படுக்க வச்சாக. ஊத்துனோம். கெடா கல்லு மாதிரி நிக்குது. அவள எழுப்பி, தலகாணிய வச்சு ஊத்துனோம். சிலுப்புது.

நான் சொம்பக் கீழ வச்சுட்டேண்ணே. பவித்ரா, வா தாயி, வீட்டுக்குப் போவோம்னேன். ஏம்ப்பா, ஏம்ப்பான்னு கேட்டுக்கிட்டே வாரா, நான் அவ கையப் புடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தேன். டைரக்டரு பின்னாடியே ஓடியாந்து, கவலப்படாதீங்க, தனித்தனியா எடுத்தத ஒட்டிக்கிருவோம்னாரு. அவரு கவல அவருக்கு.

படம் வந்துச்சு, திண்டுக்கல்லுல போயி பாத்தோம். போர்வைக்குள்ள எம்மக முடி தெரியுது, அடுத்து கெடா சிலுப்புது, தியேட்டரே விசில் அடிக்குது. கெடா அடம் புடிச்ச கதைய யாரோ சொல்லி எம்பொண்டாட்டி ராத்தூக்கமில்லாமக் கெடந்தவ, அந்த எடத்துல எங்கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. இப்பவும் மனசு கலங்குனா போன்ல அந்த எடத்த மட்டும் போட்டுப் பாப்பா. பாருங்க, நம்ம புள்ளைக்குச் சிலுப்பிருச்சுல்லன்னு என்னையக் கேப்பா. ஆமாத்தான்னு சொல்லிருவேன். அது தலகாணிக்குச் சிலுப்புனதுன்னு எப்பிடிண்ணே சொல்றது?

பவித்ரா நல்லாத்தான் இருக்கா. தலவலி காச்சல்னு ஒண்ணுமில்ல, தை மாசம் கல்யாணம் வச்சிருக்கோம். ஆனா மழை பேஞ்சா ஆடுக நனைஞ்சுக்கிட்டே ஓடியாந்து கொட்டத்துக்குள்ள நின்னு சிலுப்பும்ல, இவ தொறந்துவிடப் போயி நின்னான்னா ஒண்ணுகூடச் சிலுப்பாதுண்ணே. அம்புட்டும் சொட்டச் சொட்ட இவளையே பாத்துக்கிட்டு நிக்கும். நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஆனா இந்த ஐப்பசி மழைக்கு அவ கொட்டத்துப் பக்கமே போகல. என்னத்தா, ஆட்ட அடைக்கலையான்னு கேட்டேன். நீங்க போங்கப்பா, நான் போனா அதுக ஈரத்தோடயே நிக்கும், பாவம்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.