காதர் சாரின் உள்ளங்கை

சில நாட்களுக்கு முன் காலையில் தொலைபேசி ஒலித்தது. காதர் சாரின் மகன். "சார், வாப்பா மௌத்தாயிட்டாக" என்றான். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றும் சொன்னான். நான் "சரி" என்றேன். வைத்த பிறகுதான், இதற்குப் போய்ச் சரி என்றா சொன்னேன் என்று உறுத்தியது. திரும்ப அழைக்க நினைத்து, அழைக்கவில்லை. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிக் கவிழ்த்த, பிலிமுக்கான டெவலப்பர் மருந்துப் புட்டிகளையே எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருக்கிறேன். அவரை அறிந்த நண்பர்களுக்கு எழுதும் இந்தப் பக்கத்தையும் பலமுறை தொடங்கி அடித்துவிட்டேன்.

நாங்கள் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். அவர் இயற்பியல், நான் வேதியியல். ஓய்வு நெருங்கிய நேரத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கறுப்பு வெள்ளைப் படத்துக்கான ஸோன் முறையைக் கற்க இருவரும் இறங்கினோம். கன்னங்கரிய இருளிலிருந்து வெறும் வெள்ளை வரை ஒளியைப் படிகளாகப் பிரித்துக்கொண்டு, எதிரில் இருப்பது எந்தப் படியில் விழ வேண்டும் என்பதை ஷட்டரை அமுக்கும் முன்பே முடிவு செய்கிற முறை அது. நிழலைப் பார்த்து ஒளி கொடுக்க வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்துப் பிலிமைக் கழுவ வேண்டும். காதர் சார் இதைத் தன் பாணியில் சொல்வார்: "நிழலை இங்கனயே முடிவு பண்ணிரும் வே. வெளிச்சத்தை வீட்டுல போய்ப் பார்த்துக்கிடலாம்."

எனக்கு முடிவு செய்வதுதான் வராது. அவருக்கோ சர்க்கரையில் கண் மங்கி, ஒளியை அளக்கும் மீட்டரின் ஊசி தெரியாது. ஆகவே நான் அளப்பேன், அவர் அமுக்குவார். நேரே அளந்த மலையும் ஆறும் நன்றாகவே வந்தன. ஆட்களை எடுத்தால்தான் வினை. ஒருவர் முகத்தருகே மீட்டரை நீட்ட எனக்குக் கூச்சம். அதே வெளிச்சத்தில் என் இடது உள்ளங்கையை விரித்து, அதை அளந்து, ஒரு படி கூட்டிச் சொல்வேன். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் ஆட்களின் நெகட்டிவ்கள் வெளிறியே வந்தன. நிழல் இருக்க வேண்டிய இடம் வெறும் கண்ணாடியாக இருந்தது. மருந்தை மாற்றினேன். வெப்பமானியைச் சந்தேகித்தேன். கடைசியில் தண்ணீரில்தான் கோளாறு என்று ஆறு மலையிறங்கும் பாபநாசம் வரை போய் ஒரு குடம் பிடித்து வந்தேன். "நம்ம வண்ணார்பேட்டையிலயும் அதே ஆறுதான ஓய் ஓடுது? பெத்த தாயைச் சொல்லுத மாதிரி ஆத்தைக் குத்தம் சொல்லுதீரே!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

மேலப்பாளையத்தில் அவருடைய லாத்தா, மூத்த சகோதரி, இருந்தார். அதுவரை கேமரா முன் நின்றதே இல்லை. துபாயிலிருந்த மகன் கடிதத்துக்குக் கடிதம் கேட்டு, கடைசியில் இசைந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. "ஒண்ணே ஒண்ணுதான். வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. இன்னொருக்க நிக்க மாட்டேன்."

தலையோடு போர்த்திய வெள்ளைத் துப்பட்டி, மாநிற முகம், பின்னால் இருண்ட வாசல். மூன்றும் ஒரே படத்தில் வரவேண்டும். காதர் சார் அன்று வழியெல்லாம் லென்ஸைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

லாத்தா வாசலில் வந்து நின்றார். நான் எட்ட நின்று கையை விரித்து அளந்தேன். மறுபடி அளந்தேன்.

"ஓய் பிள்ளைவாள், முடிச்சீரா? லாத்தாவுக்குக் கால் கடுக்கும்."

"இன்னும் ஒரே தடவை, சார்."

லாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், தம்பியிடம் மெதுவாகக் கேட்டார்: "அவுக கையில என்னலே வெள்ளையா? சுண்ணாம்பா?"

நான் குனிந்து பார்த்தேன். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் திருநீற்றை இடது உள்ளங்கையில் நீர்விட்டுக் குழைத்துப் பூசுவது என் வழக்கம். அது காய்ந்து, ரேகைகளிலெல்லாம் வெளுத்துப் போய் இருந்தது. மீட்டர் அளந்துகொண்டிருந்தது என் தோலையல்ல, திருநீற்றை. அந்த வெளுப்பை வெளிச்சமென்று நம்பி, இத்தனை வருடமும் ஒளியைக் குறைத்தே சொல்லியிருக்கிறேன்.

காதர் சாருக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் வாசலோரம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் சிவன் செயல்னு சொல்லுவீரே, இதுதானா வே அது!"

"சிரிக்காதலே" என்று லாத்தா அதட்டினார். அவருக்கும் சிரிப்புத்தான்.

நான் முற்றத்துக் குழாயை நோக்கி நகர்ந்தேன். காதர் சார் எழுந்து தடுத்தார். "அதை எதுக்கு அழிக்கீரு? அது பாட்டுக்கு இருக்கட்டும். இந்தா, என் கை." லாத்தாவின் கன்னத்தருகே தன் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். அளந்தேன். மறுபடி அளக்கக் கை பரபரத்தது. காதர் சாரின் முகத்தைப் பார்த்து, அளவைச் சொல்லிவிட்டேன். அவர் வந்து அமுக்கினார்.

ரோலின் மீதியை வெறுமையாகவே விட்டோம், அந்த ஒரு படத்துக்கு ஏற்றபடி கழுவுவதற்காக. துப்பட்டி வெறும் வெள்ளையாகிவிடக் கூடாதென்று டெவலப்பரில் நேரத்தைக் குறைத்தேன். கதவுக்கு வெளியே அவர் நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "வந்துட்டாளா ஓய்? லாத்தா வந்துட்டாளா?" பிலிமைத் தூக்கிப் பார்த்தேன். துணியின் மடிப்பு, கண்ணுக்குக் கீழே சுருக்கம், பின்னால் இருட்டில் கதவின் தாழ்ப்பாள்கூட இருந்தது. "வந்துட்டாக" என்றேன். செருப்புச் சத்தம் நின்றது.

படத்தை நெடுநேரம் பார்த்த லாத்தா சொன்னது இதுதான்: "துப்பட்டியை இஸ்திரி போட்டிருக்கலாம்." படம் துபாய்க்குப் போயிற்று. நெகட்டிவ் லாத்தாவிடமே இருக்கிறது.

அதன்பின் ஆட்களை எடுக்கும்போதெல்லாம் நான் கேட்காமலே காதர் சார் கையை நீட்டுவார், நான் அளப்பேன்.

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குச் சென்றபோது, பெண்கள் இருந்த திரைக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் குரல் கேட்டது. "கையைக் காட்டுனவன் போயிட்டான். இனிமே எந்தக் கையை வச்சு அளப்பீக?"

நடந்தே வீடு திரும்பினேன்.

நான் எதையும் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறவன். இதில் எழுதிய பேச்சுகளைக்கூட அவர் இப்படித்தான் சொன்னாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நடுப்பகலிலும், மூட்டத்திலும், ஒரு வாசலின் நிழலிலும் காதர் சாரின் உள்ளங்கையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று மீட்டர் இல்லாமலே சொல்வேன். சந்தேகமில்லாமல் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.